தாய் சொன்ன நிறை

என் முதல் பிள்ளை ஒரு கிலோ எண்ணூற்றைம்பது கிராம் நிறையில் பிறந்தது. பெண் பிள்ளை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்து அங்கேயே மவுத்தாகிவிட்டது. மாதம் குறைந்து பிறந்ததும் இல்லை. நாள் கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு ஏன் அவ்வளவு சின்னது என்று நான் கேட்காத ஆள் இல்லை. டொக்டர், "சில பிள்ளைகள் அப்படித்தான் அம்மா" என்றார். இதைச் சொல்வதற்கா அத்தனை வருஷம் படித்தார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. என் கணவர், "அல்லாஹ்ட நாட்டம்" என்று சொல்லிவிட்டுப் பாலாவி உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அவரால் அப்படிப் போக முடிந்ததில் எனக்குப் பொறாமையாகவும் இருந்தது.

மாமி, இவருடைய உம்மா, மட்டும்தான் ஒரு காரணம் சொன்னார். அதையும் என்னிடம் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணிடம், "ஏழு மாச வயித்தோட முப்பது நோம்பும் புடிச்சா புள்ள எங்கால வளர்ற?" என்றார். நான் கிணற்றடியில் நின்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை ஒரு நாளும் எடுக்கவில்லை. ஆனால் ஒரு தரம் கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது.

யாரும் என்னை நோன்பு பிடிக்கச் சொல்லவில்லை. கர்ப்பிணிகள் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு கழாச் செய்துகொள்ளலாம் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் ஒவ்வொரு வருஷமும் பயானில் சொல்கிறார், எனக்கும் தெரியும். நான் பிடித்தது வீம்பில். நான் கற்பிட்டிக்காரி. இவருடைய குடும்பம் தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரில் இருந்து கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்து கரைத்தீவில் உப்புநீர்க் களப்போரமாகக் குடியேறியது. கலியாணம் பேசியபோது எங்கள் ஆட்கள், "அகதி வீட்டுக்கா பொண்ணக் குடுக்கப் போறீங்க?" என்று வாப்பாவைப் பிய்த்தெடுத்தார்கள். வாப்பா கேட்கவில்லை. நான் வந்து பார்த்தால், அந்த வீட்டுப் பெண்கள் வெயிலில் நின்று மீன் கீறிக்கொண்டே நோன்பு பிடிக்கிற ஆட்கள். கற்பிட்டிக்காரி சொகுசுக்காரி என்று ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் எனக்கும் சேர்த்து அந்த வீம்பைப் பிடித்தேன். என் பிள்ளையை நானே பட்டினி போட்டேன் என்ற எண்ணத்தோடுதான் மூன்று வருஷம் இருந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது அந்த வேன் வந்தது. சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வேனுக்குள் ஒரு சாரதியும், ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற ஒரு சிங்கள மிஸ்ஸும், பாண் துண்டு அளவில் ஒரு மீட்டரும். மிஸ்ஸுக்குத் தமிழில் "வணக்கம்", "தண்ணி" இரண்டும்தான் தெரியும். கிளினிக் மருத்துவமாது என்னைக் கூப்பிட்டு, "நீங்க சிங்களம் நல்லாக் கதைப்பீங்கதானே, நீங்க படிப்பிக்கிற பாலர் பாடசாலையும் லீவுதானே" என்று அவர்களோடு அனுப்பிவிட்டார். எனக்கும் வீட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பதை விட அது நல்லதாகப் பட்டது.

முதல் நாள் வேனுக்குள் வைத்து, அந்த மீட்டர் எதை அளக்கிறது என்று மிஸ் விளக்கினார். கதிர்வீச்சு என்றால் குண்டு, அணு உலை என்று பயப்பட வேண்டாமாம். இயற்கையாகவே ஒரு கதிர்வீச்சு எல்லா இடத்திலும் இருக்கிறதாம். மண்ணில் இருக்கிறதாம், கல்லில் இருக்கிறதாம், ஆகாயத்தில் இருந்தும் வருகிறதாம், நம்முடைய எலும்புக்குள்ளேயும் கொஞ்சம் இருக்கிறதாம். சில இடத்து மண்ணில் கூட, சில இடத்தில் குறைய. அது கூடின வீடுகளில் பிறக்கிற பிள்ளைகளின் நிறையில் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள்.

"ஆபத்தா மிஸ்?" என்று கேட்டேன்.

"இந்த அளவுக்கு ஆபத்து என்று யாரும் நிரூபிக்கவில்லை."

"அப்ப ஆபத்தில்லையா?"

"இல்லை என்றும் நிரூபிக்கவில்லை. அதனால்தான் பார்க்கிறோம்."

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். இதை நான் எப்படி ஒரு வீட்டு வாசலில் நின்று தமிழில் சொல்வது? கடைசியில் எனக்கு வந்தபடி சொன்னேன். "மண்ணுக்குள்ள ஒரு சூடு இரிக்காம். கண்ணுக்குத் தெரியாது. அத அளக்க வந்திரிக்காங்க." அதற்கு ஒரு பெண், "அளந்துபோட்டு என்ன செய்யப் போறாங்க? எடுத்துக்கிட்டுப் போவாங்களா?" என்று கேட்டாள். மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தார்.

வேலை இதுதான். அறையின் நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு முக்காலி வைத்து, அதன்மேல் மீட்டரை வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் எல்லாரும் விலகி நிற்க வேண்டும். பிறகு வளவில் அதே மாதிரி. அந்தப் பத்து நிமிஷத்துக்குள் நான் வீட்டுத் தாயிடம் படிவத்தை நிரப்புவேன். எத்தனை வருஷம் இந்த வீடு, நிலம் சீமெந்தா மண்ணா, எத்தனை பிள்ளை, ஒவ்வொன்றும் பிறந்தபோது என்ன நிறை. கிளினிக் கார்ட் இருந்தால் கார்டைப் பார்த்து எழுத வேண்டும். கார்ட் இல்லாவிட்டால் தாய் சொல்வதை எழுதி, "தாய் சொன்னது" என்ற கட்டத்தில் ஒரு சரி போட வேண்டும். அது போதுமா என்று மிஸ் ஒரு தரம் என்னைக் கேட்டார். எந்தத் தாய் மிஸ் பிள்ளையின் நிறையை மறப்பாள் என்று நான்தான் பெரிய மனுஷி மாதிரிச் சொன்னேன்.

முதல் வாரம் எலுவன்குளம். காட்டோரத்து வயல் ஊர். அங்கே பெண்கள் கார்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலுமாரிக்குள் காணி உறுதியோடு வைத்திருந்தார்கள். மூன்று கிலோ, மூன்று இருநூறு, இரண்டு தொள்ளாயிரம் என்று எழுதிக்கொண்டே போனேன். மீட்டரில் சின்ன இலக்கம்தான் காட்டியது. மிஸ்ஸுக்கே கொட்டாவி வந்தது.

இரண்டாவது வாரம் கரைத்தீவு. எங்கள் பக்கம். அங்கே கார்ட் தேடினால் கிடைக்காது. கிடுகுக் கொட்டிலில் இருந்த காலத்தில் கறையான் தின்றது பாதி, வெள்ளத்தில் போனது மீதி. ஆகவே தாய் சொன்னதைத்தான் எழுதினேன். இரண்டு கிலோ. இரண்டு நூறு. ஒன்று தொள்ளாயிரம். திரும்பவும் இரண்டு கிலோ. மீட்டரிலும் இலக்கம் ஏறிக்கொண்டே போனது. முதல் நாள் நான் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் மிஸ்ஸின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் நானும் கவனித்தேன். மன்னார் கிழவர் ஒருவர், "அங்க கண்ணிவெடி எடுக்கிற ஆக்களும் இப்பிடி ஒரு மிசின்தான் வெச்சிரிக்காங்க. இஞ்சயும் என்னத்தயும் பொதச்சிட்டாங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்டை முடிந்து வடக்குப் பாதை திறந்தவுடன் எங்கள் குடியேற்றத்து ஆட்கள் எல்லாரும் தங்கள் ஊரைப் பார்க்கப் போனார்கள். வீடு இருந்த இடத்தில் காடு. அங்கே இருக்க முடியாது என்று திரும்பி வந்தார்கள். வரும்போது சும்மா வரவில்லை. ஊர்க் கடற்கரை மணலை உரச்சாக்குகளில் கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் இவருக்கு மூத்த நானாவின் சின்ன லொறியில் எட்டுச் சாக்கு வந்தது. கறுப்புக் கோடு ஓடிய மினுமினுப்பான மணல், கையில் அள்ளினால் பாரமாக இருக்கும். அதை வளவில் பரப்பினார்கள். சீமெந்து போடாத உள்ளறையிலும் பரப்பினார்கள். ஒவ்வொரு நோன்புக்கும் முன்னால் மேல்மண்ணை வாரி எடுத்துப் புதுசாகப் பரப்புவது அவர்களுடைய ஊர் வழக்கமாம். "கற்பிட்டியில இல்லாத மணலா மாமி?" என்று நான் கேலி பண்ணியிருக்கிறேன். "அது வேற, இது வேற" என்பார். அந்த உள்ளறைதான் எங்கள் அறை. முதல் பிள்ளையைச் சுமந்த மாதமெல்லாம் நான் அந்த மணலின் மேல்தான் பாய் போட்டுப் படுத்தேன்.

எங்கள் வீட்டை மிஸ்ஸைக் கொண்டு கடைசியாகத்தான் அளக்கவைத்தேன். மாமி அந்த நேரம் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். உள்ளறையில் முக்காலி வைத்தோம். பத்து நிமிஷம் கழித்து மிஸ் குனிந்து பார்த்தார். எலுவன்குளத்தில் கண்டதைப் போல இரண்டு மடங்கு. "இந்தக் கறுப்பு மணலில் தோரியம் என்று கதிர் வீசுகிற ஒரு பொருள் இருக்கும். சில கடற்கரைகளில் அலையே கொண்டுவந்து சேர்த்துவிடும்" என்று, சந்தையில் மீன் வகை சொல்வது போலச் சொன்னார். பிறகு என் படிவத்தை அவரே எடுத்து எழுதினார். முதல் பிள்ளை என்றார். ஒரு கிலோ எண்ணூற்றைம்பது என்றேன். கார்ட் என்றார். வீட்டுக்கு வராத பிள்ளைக்குக் கார்ட் தரவில்லை என்றேன். மிஸ் "தாய் சொன்னது" என்ற கட்டத்தில் சரி போட்டுவிட்டு, பேனாவை மூடாமலே பைக்குள் போட்டார்.

அன்று பின்னேரம் பாலர் பாடசாலைக் கொப்பி ஒன்றை எடுத்து இரண்டு கோடு கிழித்தேன். ஒரு பக்கம் மீட்டர் காட்டியது. மறுபக்கம் பிள்ளைகளின் நிறை. கணக்கில் நான் கெட்டிக்காரி இல்லை. ஆனால் அதைப் பார்க்கக் கெட்டித்தனம் தேவைப்படவில்லை. இலக்கம் கூடின வீட்டில் பிள்ளை சின்னது. இலக்கம் குறைந்த வீட்டில் பிள்ளை பெரிது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு வந்தது சந்தோஷம். நான் இல்லை. நோன்பு இல்லை, வீம்பு இல்லை. மண். மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்தது ஒரே மூச்சில் இறங்கியது போல இருந்தது, கொப்பியை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதேன். ஊருக்கே பிள்ளைகள் சின்னதாகப் பிறந்திருக்கின்றன என்பதற்குச் சந்தோஷப்படுகிறேனே என்று வெட்கமும் வந்தது.

அழுது முடியத்தான் வயிற்றில் இருந்த பிள்ளையின் ஞாபகம் வந்தது. ஐந்து மாதமாக அதுவும் இந்த மண்ணின் மேல்தான். எழுந்து போய் மண்வெட்டியை எடுத்தேன்.

மூன்று வாளி அள்ளியிருப்பேன், மாமி வந்துவிட்டார். "என்னா புள்ள செய்ற? வயித்தோட குனிஞ்சி நிமிர்றியே! ஒனக்கென்ன பைத்தியமா?"

நான் நிமிர்ந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. "உங்கட ஊரு மண்ணுதான் மாமி என்ட புள்ளய மவுத்தாக்கின" என்றேன்.

மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். நான் விடவில்லை. கொப்பியைக் கொண்டுவந்து, மீட்டரைப் பற்றிச் சொல்லி, ஒவ்வொரு வீடாக வாசித்தேன். இந்த வீட்டில் மூத்தது இரண்டு கிலோ. அந்த வீட்டில் இரண்டாவது ஒன்று தொள்ளாயிரம். பள்ளிவாசலுக்கு முன் வீட்டில் இரண்டு நூறு. என் குரல் எனக்கே நல்லாக இல்லை, வழக்காடுகிற குரல். மாமி கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று கையை நீட்டினார்.

"நில்லு. பள்ளிக்கு முன்வீட்டுப் புள்ள ரெண்டு நூறா? ஆரு சொன்ன?"

"அதுட உம்மாதான்."

"நான்தானே ஆசுபத்திரில கூட நிண்ட. மூண்டு கிலோக்கும் மேல. தூக்கி வெச்சா கை கடுக்கும்."

"பிறகேன் ரெண்டு நூறெண்டு சொன்னாங்க?"

மாமி என்னைப் பார்த்த பார்வையில், பாலர் பாடசாலைப் பிள்ளைகளை நான் பார்க்கிற பார்வை இருந்தது. "புள்ளட நெறய ஆரு புள்ள உள்ளபடி சொல்லுவா? கண்ணூறு படாதா?"

எனக்கு விளங்கவில்லை. மாமி விளங்கப்படுத்தினார். அவர்களுடைய ஊரில் பிள்ளையின் நிறையைக் கேட்டால் குறைத்துத்தான் சொல்ல வேண்டும். மூன்று கிலோ என்றால் இரண்டு. கொழுத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றாலும், "எங்க, எலும்பும் தோலும்" என்று சொல்ல வேண்டும். அவருடைய உம்மாவும் அப்படித்தான் சொன்னார், அவரும் அப்படித்தான் சொல்கிறார். அடுத்த வீட்டுக்காரிக்கே உண்மையைச் சொல்லாதவர்கள் வேனில் வந்த ஆட்களுக்குச் சொல்வார்களா? "அதுலயும் எழுதிக்கிட்டுப் போறாங்க. ஊரூராக் கொண்டு போய்க் காட்டுவாங்க. எத்தினபேர்ட கண்ணு படும்? நானெண்டா ஒண்டர எண்டு சொல்லியிரிப்பன்."

எங்கள் கற்பிட்டிப் பக்கம் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்போம், மாஷா அல்லாஹ் சொல்லுவோம். ஆனால் நிறை என்று வந்தால் கால் கிலோ கூட்டித்தான் சொல்லுவோம். அதனால்தான் எனக்கு இது தெரியவில்லை. நான்கு வருஷம் அந்த வீட்டில் இருந்தும் தெரியவில்லை. என்னிடம் யாரும் பிள்ளையின் நிறை கேட்டு வந்ததில்லை, அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

"அப்ப என்ட புள்ள?" என்று கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியவில்லை. "அப்ப என்ட புள்ள ஏன் மாமி?"

மாமி எழும்பி, நான் போட்டுவிட்டிருந்த மண்வெட்டியை எடுத்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அள்ளத் தொடங்கினார்.

"இது ஒண்டும் செய்யாதெண்டுதானே சொன்னீங்க?"

"நான் எங்க சொன்ன? அவளுவள் பொய் சொன்னாளுவளெண்டுதான் சொன்ன. மண்ணப் பத்தி எனக்கென்ன தெரியும்?" என்றார். "தெரியாதுதானே. எடுத்துப் போடுவம்."

எட்டுச் சாக்கும் வந்த நாளில் மாமி அந்த மணலை உள்ளங்கையில் வைத்து மணந்து பார்த்தது எனக்குத் தெரியும். அவ்வளவையும் வாளி வாளியாகச் சுமந்துகொண்டுபோய்க் களப்போரத்தில் கொட்டினார். என்னைத் தொடவிடவில்லை. கணவர் வந்து, "என்ன உம்மா இது?" என்று கேட்டதற்கு, "எறும்பு வந்திட்டு" என்றார். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அவரிடம் கேட்கவில்லை. அன்று இரண்டு பேரும் ஒரே கோப்பையில் கை வைத்துச் சோறு தின்றோம்.

வயிற்றில் இருந்தவளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் நல்ல நிறையில் பிறந்தாள். இப்போது என் மூக்குக் கண்ணாடியின் மேல் உட்கார்ந்து உடைத்துவிட்டு, அது முன்னமே உடைந்திருந்தது என்று சாதிக்கிற வயது. ஆனால் அவளை வைத்தும் நான் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அந்த முறை நான் நோன்பும் பிடிக்கவில்லை, ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மண்ணிலும் படுக்கவில்லை, கிளினிக்கில் தந்த சத்துமாவையும் ஒரு நாள் விடாமல் தின்றேன். இரண்டு மூன்று சாமானை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு எது சரிவந்தது என்று கேட்டால் யார் சொல்வது?

இனி நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மிஸ்ஸிடம் போய்ச் சொல்வது. நான் இரண்டு நாள் சொல்லவில்லை. ஏன் என்றால், சொல்லாமல் விட்டால் அந்தக் கொப்பியில் உள்ளது அப்படியே நிற்கும். எங்கோ ஒரு புத்தகத்தில் அச்சாகும். கறுப்பு மணல் உள்ள வீட்டில் பிள்ளை சின்னதாகப் பிறக்கும் என்று படித்தவர்கள் எழுதிவைப்பார்கள். அதை ஒரு நாளைக்கு நான் எடுத்து வாசித்தால் நெஞ்சு ஆறும். பொய் என்று தெரிந்த பிறகும் ஆறுமா என்று யோசித்தேன். ஆறும் என்றுதான் அந்த இரண்டு நாளும் பட்டது.

மூன்றாம் நாள் கற்பிட்டியில் இருந்து எனக்கு மூத்த ராத்தா போன் எடுத்தார். கொப்பியில் கண்டதை அன்றைக்கே நான் அவரிடம் அழுது கொட்டியிருந்தேன்; அவருக்கோ எள்ளு வாயில் ஊறாது. "நீ அங்க இரிக்காத, வந்திரு. இஞ்ச எல்லாரும் கதைக்கிறாங்க. அகதியாக்கள்ட மண்ணுலயே கோளாறாம். அந்தப் பக்கம் பொண்ணெடுக்கப்படாதாம், புள்ளயள் சூம்பிப் பொறக்குமாம்" என்றார். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கொடுத்தது நான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ராத்தாவைக் கொஞ்சம் கூடத்தான் பேசிவிட்டேன். போனை வைத்துவிட்டு நேரே பாலாவிச் சந்திக்கு பஸ் ஏறினேன். மிஸ் அன்று அங்கேதான் வேனை நிறுத்தியிருந்தார்.

கண்ணூறுக்குச் சிங்களத்திலும் சொல் இருக்கிறது, அதனால் விளங்கப்படுத்தக் கஷ்டம் இருக்கவில்லை. மிஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "என் அம்மாவும் என்னைக் கறுப்பி என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வளர்த்தார். எனக்கே இது தோன்றியிருக்க வேண்டும்" என்றார். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசவில்லை.

நாங்கள் திரும்பவும் வீடு வீடாகப் போய்க் கார்ட் தேடினோம். பழைய பெட்டிக்கடியில், கூரை வளைக்குள், குர்ஆன் வைக்கிற தட்டில் என்று சிலது கிடைத்தன. அவற்றில் சில பிள்ளைகள் மூன்று கிலோ. சில பிள்ளைகள் உண்மையிலேயே இரண்டு. அந்த இரண்டு கிலோத் தாய்மாரிடம் மாமியும் கூட வந்து பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். ஒருத்தி அந்த மாதங்களில் சோறில்லை, பாணும் பிளேன்டீயும்தான் என்றாள். ஒருத்தி ஒரு குறையும் இல்லை, நல்லாத்தான் தின்றேன் என்றாள். ஒருத்தியின் வீட்டில் மணலே இல்லை, சீமெந்து. நான் கொப்பியில் புதுசாக இரண்டு கோடு கிழித்துப் பார்த்தேன். இந்த முறை மேலிருந்து கீழே எத்தனை தரம் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. மிஸ்ஸிடம் காட்டினேன். "இவ்வளவு கொஞ்சத்தை வைத்து இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது" என்றார். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.

கடைசி நாள் படிவங்களைப் பிரித்தோம். கார்ட் கண்டது ஒரு பக்கம். தாய் சொன்னது மட்டும் உள்ளது மறுபக்கம். மறுபக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் கணக்கில் இருந்து எடுத்துவிட வேண்டும். எடுப்பதற்கு ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு படிவத்திலும் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஏன் எடுத்தோம் என்ற காரணத்தை எழுதி, எழுதியவர் கையெழுத்து வைக்க வேண்டும். மிஸ் சொல்லித் தந்தபடி நான் சிங்களத்தில் எழுதினேன். "தாயின் சொல் மட்டும். நம்ப முடியாது." கோடு, காரணம், கையெழுத்து. வேனுக்குள் காற்று இல்லை. வயிறு மடியில் இடித்தது. எழுதிக்கொண்டே போனேன்.

நடுவில் என்னுடையது வந்தது.

மிஸ்ஸும் கண்டார். "இதை நான் செய்கிறேன்" என்று கையை நீட்டினார்.

"மிஸ், இது பொய்யில்லை" என்றேன்.

"தெரியும்."

"மற்றவங்க பிள்ளைக்குக் கண் படும் என்று குறைத்துச் சொன்னாங்க. மவுத்தான பிள்ளைக்கு யார் மிஸ் கண் வைக்கப் போறாங்க? நான் ஏன் குறைக்க வேணும்?"

"தெரியும். ஆனால் கார்ட் இல்லையே" என்றார் மிஸ். அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "ஒன்றை மட்டும் விட்டால் மற்றதையும் விட வேண்டும்."

அவர் சொன்னது சரி. எனக்கு இன்றைக்கும் அது சரியென்றுதான் படுகிறது. ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் இருக்கும், போய்க் கேட்டு வரட்டுமா என்றேன். கேட்டுப் பார்க்கலாம் என்றார், ஆனால் அன்று பின்னேரம் அவர்கள் போகிறார்கள். என் பிள்ளையின் படிவத்தை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நானே குறுக்கே கோடு போட்டேன். தாயின் சொல் மட்டும், நம்ப முடியாது என்று சிங்களத்தில் நானே எழுதி, கையெழுத்தும் வைத்தேன். மிஸ் மற்றப் படிவக் கட்டை எடுத்து எண்ணத் தொடங்கினார்.

அவர் பார்க்காத நேரத்தில், கையெழுத்துக்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில், அவர்களால் வாசிக்க முடியாத தமிழில், "ஒரு கிலோ எண்ணூற்றைம்பது. நான் பார்த்தேன்" என்று எழுதினேன்.